ஸ்கூல் செலவ வச்சு ஊர எடை போடுறப்போ நம்மாளுங்க பண்ற தப்புகள்

அமெரிக்காவுல வீடு தேடுற நம்மாளுங்ககிட்ட ஒரு பழக்கம் இருக்கு. ஸ்கூல் ரேட்டிங் பாத்து முடிச்சதும் அடுத்து அந்த டிஸ்ட்ரிக்ட்ல (அதாவது அந்தப் பகுதிப் பள்ளிகள நடத்துற அமைப்பு, பெரும்பாலும் அங்க இருக்குற வீடு, நிலத்து மேல போடுற சொத்து வரிலதான் ஓடுது) ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு எவ்வளவு செலவு பண்றாங்கன்னு பாப்பாங்க, பக்கத்து டிஸ்ட்ரிக்ட்ட விட கம்மியா இருந்தா போச்சு, "இந்த ஊர்க்காரங்களுக்குப் படிப்போட அருமை தெரியல"ன்னு தீர்ப்பு சொல்லிடுவாங்க. நானும் அப்படிப் பேசினவன்தான். டெக்ஸாஸ்ல சான் அன்டோனியோ கதைய படிச்சப்புறம்தான் வாய மூடுனேன்.

அங்க எட்ஜ்வுட், அலமோ ஹைட்ஸ்னு ரெண்டு டிஸ்ட்ரிக்ட். எட்ஜ்வுட்ல பெரும்பாலும் மெக்சிகன் வம்சாவளிக் குடும்பங்க, கையில காசு கம்மி. அலமோ ஹைட்ஸ் வசதியானவங்க இருக்குற இடம். 1967-68ல எட்ஜ்வுட்காரங்க 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி கட்டினாங்க, அந்த வட்டாரத்துலயே அதுதான் அதிகம். அலமோ ஹைட்ஸ்ல 85 சென்ட்தான். சரி, கிடைச்சது எவ்வளவு? மாநிலத்தோட பள்ளி நிதித் திட்டத்துக்குக் குடுக்க வேண்டிய பங்கு போக எட்ஜ்வுட்ல ஒரு பிள்ளைக்கு மிஞ்சுனது 26 டாலர், அலமோ ஹைட்ஸ்ல 333! காரணம் ரொம்ப சிம்பிள், எட்ஜ்வுட்ல மொத்த சொத்து மதிப்ப பிள்ளைங்க எண்ணிக்கையால வகுத்தா தலைக்கு 6 ஆயிரம் டாலர் கூட வரல, அலமோ ஹைட்ஸ்ல 49 ஆயிரத்துக்கு மேல. மாநில, மத்திய அரசுப் பணம் எல்லாம் சேத்தும் எட்ஜ்வுட்ல 356, அலமோ ஹைட்ஸ்ல 594னு தான் நின்னுது. இந்த ரெண்டு நம்பர மட்டும் பாக்குறவன் எட்ஜ்வுட் அப்பா அம்மாவுக்கு அக்கறை இல்லம்பான், ஆனா அதிக விகிதத்துல வரி கட்டுனது அவங்கதான்.

எட்ஜ்வுட்ல டெமெட்ரியோ ரோட்ரிகஸ்னு ஒரு தகப்பனார் மத்த பெற்றோரோட சேந்து இந்த முறை நியாயமில்லன்னு கேஸ் போட்டு, அது அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், 1973ல 5க்கு 4னு தோத்துப்போச்சு. அப்புறம் 1989ல டெக்ஸாஸ் மாநில சுப்ரீம் கோர்ட்ல வேற ஒரு எட்ஜ்வுட் கேஸ் ஜெயிச்சுது, 1993ல பணக்கார டிஸ்ட்ரிக்ட்கிட்ட வாங்கி மத்ததுக்குக் குடுக்குற சட்டம் வந்துது, அங்க அதுக்கு ராபின் ஹூட்னு பேரே வச்சுட்டாங்க.

ஆக செலவுத் தொகைய பாக்குறதுக்கு முன்னாடி வரி விகிதத்தையும் சொத்து மதிப்பையும் பாக்கணும். இத தலைகீழாவும் பண்றாங்க. நியூ ஜெர்சில காம்டன், நெவார்க் மாதிரி ஏழை ஊருங்கள்ல தலைக்கு செலவு நாட்டு சராசரிய விட ரொம்ப அதிகம், ஆஹா என்ன அக்கறைன்னு சொல்லிடாதீங்க, அதுல பெரும்பங்கு மாநிலப் பணம், ஏழை டிஸ்ட்ரிக்ட்டுகளுக்கு மாநிலம் கூடுதல் பணம் குடுக்கணும்னு நியூ ஜெர்சி சுப்ரீம் கோர்ட் 1990ல சொன்ன ஆபட் தீர்ப்பும் அதுக்கப்புறம் வந்த உத்தரவுகளும் குடுக்க வச்சது. அந்த ஊர் மக்களுக்கு அக்கறை இருக்கா இல்லையாங்கறதுக்கும் இந்த நம்பருக்கும் சம்பந்தமே இல்ல.

மாநிலத்த மாநிலத்தோட ஒப்பிடுறது அடுத்த கூத்து. 2022 நிதியாண்டுல நியூயார்க்ல ஒரு பிள்ளைக்கு கிட்டத்தட்ட 30 ஆயிரம் டாலர், யூட்டாவுல 10 ஆயிரம் கூட இல்ல. யூட்டாக்காரங்க பிள்ளைங்கள கண்டுக்கலையா? அங்க வீட்டுக்கு வீடு பிள்ளைங்க ஜாஸ்தி, நாட்டுலயே இளவயசுக்காரங்க அதிகம் இருக்குற மாநிலம், வரி கட்டுற பெரியவங்க கம்மி, போதாக்குறைக்கு பாதிக்கு மேல நிலம் மத்திய அரசோடது, அதுல ப்ராப்பர்டி டாக்ஸ் வராது. நாலு பிள்ளை இருக்குற வீட்டுல ஆளுக்கு ஒரு இட்லி குறையும்ல, அதான். நியூயார்க்ல டீச்சர் சம்பளமும் விலைவாசியும் வேற லெவல், அதையும் கழிச்சுப் பாக்கணும்.

"சரி, ஓட்டுப் போட்டுத்தான முடிவு பண்றாங்க, அதுல தெரிஞ்சிடுமே"ம்பீங்க. அங்கயும் வழுக்கும். கலிஃபோர்னியாவுல 1978ல வந்த ப்ராப்போசிஷன் 13 ப்ராப்பர்டி டாக்ஸ ஒரு சதவீதத்துல கட்டிப் போட்டுடுச்சு, அதுக்கு மேல டிஸ்ட்ரிக்ட் ஒரு பார்சல் டாக்ஸ் (ஒவ்வொரு மனைக்கும் தனியா போடுற கூடுதல் வரி) கேட்டா மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும். 100 பேர்ல 64 பேர் சரின்னாலும் அது தோல்விதான், மறுநாள் நாம "மக்கள் நிராகரிச்சுட்டாங்க"ன்னு பேசுவோம். நியூயார்க் மாநிலத்துல மே மாசம் மூணாவது செவ்வாய்க்கிழமை ஸ்கூல் பட்ஜெட்டுக்கே நேரடி ஓட்டு உண்டு, ஆனா நியூயார்க் சிட்டி, பஃபலோ மாதிரி அஞ்சு பெரிய நகரத்துக்காரங்களுக்கு அந்த ஓட்டு கிடையாது.

இன்னொன்னு, நம்ம வீட்டுக் கணக்கையே எடுத்துக்கங்க. நல்ல ஸ்கூல்னு ஒரு லட்சம் ரெண்டு லட்சம் டாலர் கூடக் குடுத்து வீடு வாங்குறோம், மேத்ஸ் ட்யூஷன், ஸ்பெல்லிங் பீ கோச்சிங், வார இறுதில தமிழ்ப் பள்ளி, எல்லாம் படிப்புக்காகத்தான். டிஸ்ட்ரிக்ட் செலவுக் கணக்குல இதுல ஒரு பைசா ஏறாது.

ஓட்டு ரிசல்ட் பாத்தாலும் பேலட்ல என்ன கேட்டிருந்தாங்கன்னு படிச்சுட்டுப் பேசணும். டெக்ஸாஸ்லயே ஹூஸ்டன் டிஸ்ட்ரிக்ட்ல பெரும்பாலான பிள்ளைங்க ஏழைங்க, ஆனா சொத்து மதிப்பு ஏறிட்டதால அவங்களும் அந்த ராபின் ஹூட் பணத்தக் கட்ட வேண்டிய நிலை வந்துது. 2016ல அதக் கட்டலாமான்னு மக்கள்கிட்ட கேட்டப்போ மாட்டோம்னுட்டாங்க. 2017 மே மாசம் திரும்பக் கேட்டாங்க, அதுக்குள்ள கட்ட வேண்டிய தொகை குறைஞ்சிருந்துது, கட்டலன்னா பெரிய பெரிய ஆபீஸ் கட்டடங்கள மாநிலம் பிரிச்சு வேற டிஸ்ட்ரிக்ட்டோட சேத்துடும்ங்கற பயமும் இருந்துது, சரின்னு ஓட்டுப் போட்டாங்க. ஆறு மாசத்துல அவங்களுக்குப் படிப்பு மேல திடீர்னு பாசம் பொங்கிடுச்சா என்ன?