‘காசு இல்லை’ என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள்

என் தங்கையின் மகன் தரம் 9 படிக்கும்போது, ரியூசன் முடிந்து வரும் வழியில் பாபுல் என்ற, வாயில் மெல்லும் போதைப் பாக்கைப் போடப் பழகியிருந்தான். சட்டைப் பையில் சிவப்புக் கறையைக் கண்ட தங்கை அழுதுகொண்டு எனக்குப் போன் எடுத்தாள். பையன் கெட்டவன் இல்லை. தகப்பன் கட்டாரில், தாய் இரவிரவாகத் தையல் மெஷினில். வீட்டில் அவனோடு கதைக்க ஆளில்லை. அந்த வருடம்தான் கொழும்பில் கொட்டாஞ்சேனைப் பக்கம் எங்கள் பிள்ளைகள் படிக்கும் பாடசாலையின் அபிவிருத்திக் குழுவுக்கு நான் தெரிவானேன். பாடசாலைக்குள் பிள்ளைகளுக்கு மனநல உதவியும் போதைத் தடுப்பு வேலையும் அரச செலவில் கொண்டுவர நான் நடந்த வழியை, உங்கள் பாடசாலைக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில், எதைக் கேட்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். பல பாடசாலைகளில் நடப்பது ஒரு நாள் கருத்தரங்கு. நானூறு பிள்ளைகளை மண்டபத்தில் இருத்தி, அழுகிய ஈரலின் படத்தைக் காட்டி, திருந்திய ஒருவரைப் பேச வைத்து அனுப்பிவிடுவார்கள். போதைப்பொருள் தடுப்புக்கென ஐ.நா.வும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 2018 இல் வெளியிட்ட நியமங்கள், பயமுறுத்தும் பேச்சும் பழைய பாவனையாளரின் அனுபவக் கதையும் பலன் தருவதில்லை என்றே சொல்கின்றன. பலன் தருவது சிறு வகுப்பாக, பல தடவை நடக்கும் பயிற்சி: கூட்டாளி நீட்டும்போது மறுப்பது எப்படி, மனம் உடைந்தால் யாரிடம் போவது. ஆகவே கடிதத்தில் ‘கருத்தரங்கு’ என்று எழுதாதீர்கள். ‘தரம் 8, 9 மாணவருக்கு ஒவ்வொரு வகுப்பாகப் பத்து அமர்வுகள்’ என்று எழுதுங்கள்.

அடுத்தது பணம். எனக்குப் பிடிபட ஒரு வருடம் எடுத்த விஷயம் இதுதான்: பெரும் பகுதிக்குப் பணமே தேவையில்லை. இந்த வேலைக்கென்று அரச சம்பளம் வாங்கும் ஆட்கள் ஏற்கனவே இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டு அழைக்க வேண்டும், அவ்வளவுதான். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபைக்குத் தடுப்புக் கல்விப் பிரிவு இருக்கிறது. பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். கொட்டாஞ்சேனை, மட்டக்குளி என்றால் கொழும்பு பிரதேச செயலகம்; வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி என்றால் திம்பிரிகஸ்யாய. கொழும்பு நகரத்துக்குள் பாடசாலைச் சுகாதார வேலை மாநகர சபையின் பொதுச் சுகாதாரத் திணைக்களத்தினுடையது. தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளைப் பரிசோதிக்க வரும் குழுவிடமே பேச்சைத் தொடங்கலாம்.

கடிதம் அதிபரின் கையொப்பத்தோடு போக வேண்டும். தாய்மார் எழுதினால் ‘பார்ப்போம்’ என்பார்கள். நீங்களே எழுதிக் கொண்டுபோய் அதிபரின் மேசையில் வையுங்கள். வாசித்துக் கையொப்பம் வைப்பது அவருக்கும் இலேசு. தமிழிலேயே எழுதுங்கள். அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் தந்த உரிமை அது. ‘தமிழ் பேசும் உத்தியோகத்தர் தேவை’ என்ற வரியை விட்டுவிடாதீர்கள். நாங்கள் விட்டுவிட்டோம். வந்தவர் நல்ல மனிதர், ஆனால் சிங்களத்தில் பேசினார். மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டிய இடத்தில் பிள்ளைகள் வாய் திறக்கவில்லை. ஒரு தவணை போய்விட்டது. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

மிச்சம் இருப்பது சின்னச் செலவு: பிரதி எடுப்பது, தேநீர், பயணம், பிள்ளை தனியாக இருந்து கதைக்க ஒரு மூலைக்குத் திரையும் இரண்டு கதிரையும். இதற்குப் பாடசாலையின் வருடாந்தத் திட்டத்தில் ஒரு வரி இருக்க வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால் எந்த அதிகாரியாலும் ஒரு ரூபாய் விட முடியாது. நிதியாண்டு ஜனவரி 1 இல் தொடங்குகிறது. திட்டம் எழுதுவது அதற்கு முந்திய மாதங்களில். பெப்ரவரியில் போய்க் கேட்டவர்கள் நாங்கள், அதனால்தான் சொல்கிறேன்: செப்டெம்பரிலேயே குழுக் கூட்டத்தில் பிரேரணை வையுங்கள், அறிக்கைப் புத்தகத்தில் பதியச் செய்யுங்கள். மாகாணப் பாடசாலை என்றால் மேலதிகக் கோரிக்கை வலயக் கல்வி அலுவலகம் வழியாகப் போகும். தேசிய பாடசாலை என்றால் இசுருபாயவில் உள்ள கல்வி அமைச்சுக்கு.

ஓர் அலுவலகத்தில் எங்களுக்கு ‘இதற்கு ஒதுக்கீடே இல்லை’ என்றார்கள். வாதாடவில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மூன்று கேள்வி எழுதிக் கொடுத்தேன்: ஆலோசனை வழிகாட்டலுக்குப் போன வருடம் ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு, எந்தப் பாடசாலைகளுக்கு? கொடுப்பதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தீர்மானிக்க வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் கேட்க முடியாது. மரியாதையாகக் கேளுங்கள், அடுத்த வருடமும் அதே மேசைக்குத்தான் போக வேண்டும்.

பாடசாலைக்கு அருகில் உள்ள கடையையும் மறக்காதீர்கள். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு சிகரெட்டோ மதுபானமோ விற்பதை 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் தடை செய்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு நடவடிக்கை எடுக்க அதிகாரம் உண்டு. இதற்குக் காசே வேண்டாம், ஒரு கடிதம் போதும்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு பிள்ளை ஏற்கனவே சிக்கியிருந்தால் திட்டம், பிரேரணை என்று காத்திருக்க வேண்டாம். உடனே போன் எடுங்கள்: போதைக்கு 1927, மனநலத்துக்கு 1926, பிள்ளைக்கு வேறு ஆபத்து என்றால் 1929. பிள்ளையின் பெயரைக் குழுக் கூட்டத்தில் சொல்லாதீர்கள், அறிக்கைப் புத்தகத்திலும் எழுத விடாதீர்கள். என் தங்கை மகனின் பெயர் ஒரு கூட்டத்தில் வெளியே வந்தது. அதன்பிறகு மூன்று வாரம் அவன் பாடசாலைக்குப் போகவில்லை. திரும்பக் கூட்டிவந்தது வகுப்பு டீச்சர். வீட்டுக்கு வந்து, ஒன்றும் கேட்காமல், அவனோடு இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.