பாட்டி பெட்டியில் கிடைத்த காசுக்கு விலை பார்ப்பது எப்படி

முதலில் ஒன்று, பழைய காசு கையில் கிடைத்ததும் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்குக்குப் புளி சரி, காசுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. சேகரிக்கத் தொடங்கிய புதிதில் 1862 என்று போட்ட விக்டோரியா ரூபாய் ஒன்றைப் புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று ஆக்கி ஒரு வியாபாரியிடம் கொண்டுபோனேன். மனிதர் லென்ஸைக்கூட எடுக்கவில்லை, "வெள்ளி எடைக்குத்தான் எடுப்பேன் தம்பி" என்றார். ராணியின் கன்னத்தில் மயிரிழை போலக் கீறல்கள், நூறு வருடமாகப் படிந்திருந்த கருமை போயே போச்சு. அந்தக் கருமைக்குத்தான் காசு கொடுக்கிறார்கள் என்பது அப்போது தெரியாது.

சரி, யார் முகம் என்று பாருங்கள். விக்டோரியாவுக்குப் பக்கத்தில் 'குயின்' என்றிருந்தால் 1876 வரை, 'எம்ப்ரஸ்' என்றால் 1877 முதல். கிரீடமில்லாமல் தாடியோடு இருப்பவர் ஏழாம் எட்வர்ட், கிரீடமும் தாடியும் இருந்தால் ஐந்தாம் ஜார்ஜ், கிரீடம் உண்டு தாடி இல்லை என்றால் ஆறாம் ஜார்ஜ். 1911 ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் கிடைத்தால் கவனமாக வையுங்கள். அங்கியில் இருக்கும் யானை பன்றி போலத் தெரிகிறது என்று சர்ச்சை கிளம்பி அடுத்த வருடமே யானையைத் திருத்தினார்கள். இன்னொரு சிக்கல், 1862 என்று போட்டதெல்லாம் அந்த வருடம் அடித்ததில்லை. பல வருடங்கள் அதே தேதியை வைத்தே அடித்தார்கள், பின்பக்கத்துப் புள்ளிகளை எண்ணித்தான் ரகம் பிரிக்கிறார்கள்.

அப்புறம் தராசு. வெள்ளி ரூபாய் 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. தேய்ந்த காசு கொஞ்சம் குறையலாம், ஆனால் 10 கிராமுக்குக் கீழே போனால் சந்தேகப்படுங்கள். வார்ப்பில் செய்த போலியில் விளிம்பைச் சுற்றி மெல்லிய தையல் மாதிரி ஒரு கோடு, முகத்தில் பொடிக் குழிகள் இருக்கும். காந்தத்தையும் வைத்துப் பாருங்கள், வெள்ளி ஒட்டாது. ஆனால் 1947 ரூபாய் நிக்கல், அது பச்சென்று ஒட்டும், போலி என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 1940 முதல் 1945 வரையிலான ரூபாயில் பாதிதான் வெள்ளி. காசுமாலைக்காகக் காது வைத்துப் பற்றவைத்த காசு என்றால், எவ்வளவு அரிய வருடமானாலும் விலை பாதாளத்துக்குப் போய்விடும்.

1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணாவை லட்சத்துக்கு விற்கலாம் என்று வீடியோ போடுகிறார்கள். கோடிக்கணக்கில் அடித்த காசு அது, எந்தக் கடையிலும் டப்பா நிறையக் கிடக்கும்.

சுதந்திரத்துக்குப் பிந்தைய காசுகளில் வருடத்துக்குக் கீழே பாருங்கள், எந்த நாணய ஆலையில் அடித்தது என்பதற்கான குறி அங்கே இருக்கும். வைரம் என்றால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், வட்டப்புள்ளி நொய்டா, எதுவும் இல்லையென்றால் கொல்கத்தா. ஒரே வருடத்தில் ஓர் ஆலையில் குறைவாக அடித்திருந்தால் விலை மாறும்.

நோட்டில் மடிப்புதான் எல்லாம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மடிப்பையும் பின் குத்திய ஓட்டையையும் எண்ணுங்கள். ஒரு ரூபாய் நோட்டில் நிதித்துறைச் செயலர் கையெழுத்து, மற்றவற்றில் ரிசர்வ் வங்கி ஆளுநர் கையெழுத்து. மன்மோகன் சிங் இரண்டு பதவியிலும் இருந்ததால் இரண்டு வகையிலும் அவர் கையெழுத்து கிடைக்கும். 2006க்குப் பிறகு வரிசை எண்ணில் நட்சத்திரம் இருந்தால் அது அச்சுப்பிழையல்ல, கெட்டுப்போன நோட்டுக்குப் பதிலாகப் போட்டது.

விலைக்கு, விற்பவர் கேட்கும் தொகையைப் பார்க்காதீர்கள், ஏலத்தில் கடைசியில் போன தொகையைப் பாருங்கள். 1818 என்று போட்ட ராமர் படக் கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு அதிசய சக்தியால் அரிசியை இழுக்கும் என்று யாராவது வந்தால் சிரித்துவிட்டு வாருங்கள், கம்பெனி அப்படியொரு காசை வெளியிட்டதே இல்லை. ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லி, காசை விற்றுத் தருவதாக முன்பணமாகக் கமிஷன் கேட்பவரிடம், "காசு விலையிலேயே கழித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள், அப்புறம் அழைப்பே வராது.