சாக்சன் காலத்து பிஷப் ஒருவரின் வாழ்க்கையைப் படிப்பது எப்படி? செட்டிடமிருந்து தொடங்குங்கள்

ஏழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பிஷப்புகளைப் பற்றிப் படிக்க ஆசை இருந்தால், முதலில் செட் என்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே நார்தம்பிரியாவைச் சேர்ந்தவர், ஆனால் கிழக்கு சாக்சன்களுக்கு, அதாவது இன்றைய எசெக்ஸ் பக்கத்து மக்களுக்கு, பிஷப்பாக இருந்தவர். கூடப் பிறந்த மூவரும் அவரைப் போலவே குருமார்கள், அதில் சாட் என்ற தம்பியும் பிஷப் ஆனார்.

புனிதர்களைப் பற்றிய சுருக்கக் குறிப்புகளை இப்போதைக்குத் தொடாதீர்கள். பீட் என்ற துறவி 731இல் எழுதி முடித்த ஆங்கிலேயத் திருச்சபை வரலாற்றுக்கு நேரே போய்விடுங்கள். மூன்றாம் நூலில் 21 முதல் 23 வரை, அப்புறம் 25, 26 ஆகிய அத்தியாயங்கள். ஒரே மாலையில் முடித்துவிடலாம்.

படிக்கும்போது விடாமல் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இதை பீடுக்கு யார் சொன்னது? செட் இறந்த பிறகு பிறந்தவர் பீட். லாஸ்டிங்ஹாம் மடத்துத் துறவிகளிடம் கேட்டு எழுதினேன் என்று முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். அது செட் நிறுவிய மடம். அதனால் அந்த மடத்தைப் பற்றிய பகுதியை மெதுவாகப் படியுங்கள். மடம் கட்டும் இடத்தைத் தூய்மைப்படுத்த செட் தவக்காலம் முழுக்க நோன்பு இருக்கிறார். ஞாயிறு தவிர மற்ற நாள்களில் மாலை வரை ஒன்றும் கிடையாது, அதன் பிறகும் கொஞ்சம் ரொட்டி, ஒரு முட்டை, தண்ணீர் கலந்த சிறிது பால், அவ்வளவுதான். இன்னும் பத்து நாள் இருக்கும்போது அரசரிடமிருந்து அழைப்பு வர, மிச்ச நோன்பைச் சகோதரர் சினிபில் இருந்து முடிக்கிறார். அந்த ஒற்றை முட்டையை ஒரு மடமே ஞாபகம் வைத்துச் சொல்லியிருக்கிறது என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

கிழக்கு சாக்சன்களின் அரசர் சிகெபெர்ட் கதையை வேறு மாதிரி படிக்க வேண்டும். முறையற்ற மணம் செய்த ஒருவரை செட் திருச்சபையிலிருந்து விலக்கி வைக்கிறார், யாரும் அவர் வீட்டில் சாப்பிடக் கூடாது என்கிறார். அரசர் மீறிப் போய்ச் சாப்பிட்டுத் திரும்பும் வழியில் செட்டைப் பார்த்துக் குதிரையிலிருந்து இறங்கிக் காலில் விழ, செட் தன் கோலால் அவரைத் தொட்டு, நீ அந்த வீட்டிலேயே சாவாய் என்கிறார். அப்படியே கொல்லப்படுகிறார். ஆனால் கொன்றவர்கள் சொன்ன காரணம் வேறு: அரசர் எதிரிகளைச் சுலபமாக மன்னித்துவிடுகிறார் என்பது. இரண்டையும் பீட் பக்கத்துப் பக்கத்தில் வைக்கிறார், நீங்களும் ஒன்றுக்காக மற்றதை விட்டுவிடாதீர்கள்.

664 முக்கியமான வருஷம். ஈஸ்டர் நாளை அயர்லாந்து முறையில் கணக்கிடுவதா ரோமின் முறையிலா என்ற சண்டைக்காக, விட்பி என்ற ஊரில் கூடிய சபையில் இரு தரப்புக்கும் செட்தான் மொழிபெயர்ப்பாளர். அயர்லாந்து மரபில் வளர்ந்தவர், கடைசியில் ரோமின் முறையை ஏற்றார். அதே வருஷம் கொள்ளைநோயில் லாஸ்டிங்ஹாமில் இறந்தார். செய்தி கேட்டு எசெக்ஸிலிருந்து சுமார் முப்பது துறவிகள் வந்தார்கள், ஒரு சிறுவனைத் தவிர எல்லோரும் அங்கேயே நோயில் போய்ச் சேர்ந்தார்கள்.

இங்கிலாந்தில் இருப்பவர்கள் எசெக்ஸ் கடலோரத்தில் செட் கட்டியதாகக் கருதப்படும் பிராட்வெல் ஆலயத்தையும் பாருங்கள். பழைய ரோமக் கோட்டை இருந்த இடத்தில், அதன் கற்களையும் செங்கற்களையும் வைத்துக் கட்டியது. வெகுகாலம் தானியக் கொட்டகையாகக் கிடந்து 1920இல் மறுபடி ஆலயமானது. பக்கச் சுவர்களில் வண்டி நுழைய உடைத்த வாசலை அடைத்த தடம் தெரியும், அதைத் தேடிப் பாருங்கள்.

இதெல்லாம் ஆன பிறகு பீடின் நான்காம் நூலில் மூன்றாம் அத்தியாயத்துக்குப் போங்கள், அங்கே தம்பி சாட் வருகிறார்.