ஆதி கிறிஸ்தவர்களும் ரோமர்களும்: நாம் அடிக்கடி செய்யும் தவறுகள்

ஆதி கிறிஸ்தவர்களைப் பற்றி எழுதும்போது நாம் செய்யும் பெரிய தவறு, ரோமர்களின் சமயத்தையும் நம்பிக்கையை வைத்து அளப்பதுதான். எந்தக் கடவுளை மனதார நம்புகிறாய் என்று ரோமில் யாரும் கேட்டதில்லை. சடங்கு முறைப்படி நடந்ததா என்றே பார்த்தார்கள். நடுவில் பிசகு நேர்ந்தால் மறுபடி முதலிலிருந்து செய்தார்கள், தெய்வங்களின் தயவு போனால் ஊருக்கே கேடு என்ற அச்சத்தால். ஆகவே கிறிஸ்தவர்கள் இயேசுவை வணங்கியதைவிட, மற்றத் தெய்வங்களுக்குப் பலியிட மறுத்ததே பகையை வளர்த்தது. 'நாத்திகர்' என்ற பழியும் அதனால் வந்ததே. யூதர்களும் மறுத்தார்கள், ஆனால் அது முன்னோர் வழிவந்த சமயம் என்று ரோமர்கள் விட்டுவைத்தார்கள். வீட்டுத் தெய்வத்தையும் ஊர்த் தெய்வத்தையும் விட்டு மதம் மாறியவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

இன்றைய துருக்கியின் வடபகுதியில் இருந்த ரோம மாகாணமான பித்தினியா-பொந்துவின் ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனுக்கு கி.பி. 112 வாக்கில் எழுதிய கடிதத்தில் இது தெளிவாகத் தெரிகிறது. கிறிஸ்தவர் என்று ஒப்புக்கொண்டவரிடம் மூன்று முறை கேட்பார். விடாப்பிடியாக நின்றால் மரண தண்டனை. இல்லை என்பவர் தெய்வங்களை அழைத்து, பேரரசரின் சிலை முன் சாம்பிராணியும் திராட்சை மதுவும் படைத்து, கிறிஸ்துவைச் சபிக்க வேண்டும். செய்தால் விடுதலை. டிராஜனின் பதில்: தேடிப் பிடிக்காதீர்கள், பெயரில்லாப் புகாரை ஏற்காதீர்கள்.

இதை அறியாமல்தான் 'முந்நூறு ஆண்டு இடைவிடாத வேட்டை' என்று எழுதிவிடுகிறோம். 64இல் பேரரசர் நீரோ கிறிஸ்தவர்களைக் கொன்றது ரோம் நகரில். அதன் பிறகும் வெகுகாலம் அங்கங்கே உள்ளூர் அளவில்தான் நடந்தது. எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று பேரரசு முழுவதற்குமான ஆணையைப் பேரரசர் டேசியஸ் பிறப்பித்தது 249இன் இறுதியில். அதுவும் கிறிஸ்தவர்களை மட்டும் குறிவைத்த ஆணை அல்ல. பலியிட்டு, படையலை உண்டேன் என்று அதிகாரியிடம் சான்று வாங்கவேண்டும். எகிப்தில் கிடைத்த அத்தகைய பாப்பிரஸ் சீட்டுகளில் ஒன்று, முதலைத் தெய்வத்தின் பூசாரியான ஒரு பெண்ணுடையது! கிறிஸ்தவர்கள் பட்டது உயிரையே பறித்த கொடுமைதான். அதைச் சரியான காலத்தில் வைத்துச் சொல்வதே மாண்டவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

ரோமின் நிலத்தடிக் கல்லறைகளை ஒளிவிடம் என்பதும் தவறு, அவை இடுகாடுகள்.

கிறிஸ்தவம் வந்ததும் அடிமைமுறை ஒழிந்தது என்றும் எழுதாதீர்கள். அடிமையும் எஜமானரும் ஒரே அப்பத்தைப் பகிர்ந்தார்கள், உண்மை. ஆனால் இயேசுவின் தூதர் பவுல், பிலேமோன் என்ற கிறிஸ்தவருக்கு எழுதும்போது, அவருடைய அடிமை ஒனேசிமுவை அடிமையாக அல்ல, அன்புச் சகோதரனாக ஏற்கச் சொல்கிறார். அடிமைமுறையையே ஒழிக்கச் சொல்லவில்லை.

பேரரசர் கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவத்தை அரச மதமாக்கினார் என்பது இன்னொரு தவறு. 313இல் கிடைத்தது வழிபாட்டு உரிமை. அரச மதமாக்கியது 380இல் பேரரசர் தியோடோசியஸ் காலத்து ஆணை. ரோமின் தலைமைப் பூசாரி என்ற பட்டத்தைக் கான்ஸ்டன்டைன் 337இல் இறக்கும்வரை துறக்கவில்லை.