திருகோணமலையிலிருந்து வெளிநாட்டுக்குப் பெட்டி கட்டுவோர் செய்யும் தவறுகள்

விடுமுறைக்கு வந்த உறவுகள் திரும்பிப் போகும்போது கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழிக் கடைகளில் வாங்கியது, நிலாவெளிக் கரையில் பொறுக்கியது, சித்தி வீட்டில் கட்டிக் கொடுத்தது எல்லாம் ஒரே பெட்டிக்குள் போகிறது. "கடையில் பகிரங்கமாக விற்கிறார்கள்தானே, பிறகென்ன?" என்ற எண்ணத்தில்தான் பெரும்பாலான சிக்கல்கள் தொடங்குகின்றன. ஒரு பொருளை இங்கே விற்பது ஒரு சட்டம். அதை நாட்டைவிட்டு எடுத்துப்போவது இன்னொரு சட்டம். இறங்கும் நாட்டுக்குள் கொண்டுபோவது மூன்றாவது சட்டம். கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஒருவரும் கேட்கவில்லை என்பதற்காக லண்டனிலோ மெல்பேர்னிலோ கேட்கமாட்டார்கள் என்றில்லை. அங்கே பதில் சொல்லவேண்டியவர் பெட்டிக்குச் சொந்தக்காரர்தான், விற்ற கடைக்காரர் அல்ல.

கடலிலிருந்து எடுத்தவை

நிலாவெளிக் கடலிலுள்ள புறாமலைத் தீவில் கால் வைத்தாலே முருகைக்கல் துண்டுகள்தான். வெள்ளை வெளேரென்று விரல் நீளத்தில் கிடக்கும். "செத்த கல்தானே, அலை ஒதுக்கியதுதானே" என்று இரண்டு மூன்றை எடுத்துப் பைக்குள் போடுவார்கள். அந்த இடம் 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பூங்காவுக்குள்ளிருந்து எதையும் எடுக்கக்கூடாது. உயிருள்ளதா, செத்ததா என்ற பேச்சுக்கே இடமில்லை. செத்த துண்டுகளுக்கும் அங்கே வேலை இருக்கிறது. புதிய முருகை ஒட்டி வளர்வதற்கும், அலை கரையை அரிக்காமல் தடுப்பதற்கும் அவை வேண்டும்.

பூங்காவுக்கு வெளியே வாங்கினாலும் நிலைமை மாறாது. கல் முருகைகள் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் இந்த உடன்படிக்கையில் இலங்கை 1979இல் சேர்ந்தது. நாட்டைவிட்டுக் கொண்டுபோக ஏற்றுமதி அனுமதிப்பத்திரம் வேண்டும். ஒரு நினைவுப்பொருளுக்காக அது கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முருகைக்கல் சுண்ணாம்புக் கட்டி என்பதால் துணிகளுக்கு நடுவே ஒளித்து வைத்தாலும் ஸ்கேனரில் தனியாகத் தெரியும். கறுப்பு முருகையில் செய்த மணிகள், இராட்சதச் சிப்பி ஓடு, காய்ந்த கடற்குதிரை ஆகியவையும் இதே பட்டியல்தான். ஆமையோட்டில் செய்த சீப்பும் வளையலும், யானை முடி மோதிரமும் இன்னும் கடுமையான முதலாம் பட்டியலைச் சேர்ந்தவை. அவற்றைக் கையில் எடுத்துப் பார்க்கவும் வேண்டாம். பிரெட்றிக் கோட்டைப் பகுதியில் மான்கள் உதிர்த்த கொம்பைப் பொறுக்கிப் போவோரும் உண்டு. தானாக உதிர்ந்தது என்ற விளக்கம் சுங்கத்தில் எடுபடாது.

ஊதுசங்கு வாங்குவோர் பற்றுச்சீட்டோடு வாங்குங்கள். வாங்கும்போதே வாய்ப்பக்கத்தை மூக்கருகே பிடித்துப் பாருங்கள். புளித்த வாடை வந்தால் உட்சுழலில் சதை மிச்சமிருக்கிறது என்று பொருள். அப்படியே பெட்டியில் போட்டால் இரண்டு நாள் பயணத்தில் துணியெல்லாம் நாறும், அவுஸ்திரேலியாவில் உயிரியல் பாதுகாப்பு அலுவலர் நேராக அதைத்தான் கையில் எடுப்பார். ஒரு இரவு நீரில் ஊறவைத்து, வளைந்த கம்பியால் சதையை இழுத்தெடுத்து, பலமுறை அலசி, வாய் கீழே இருக்கும்படி வெயிலில் சில நாள் காயவிடுங்கள். கடைசியாக ஒரு வெள்ளைத் துணியின் மேல் தட்டிப் பாருங்கள். மணல் கொட்டினால் இன்னொரு முறை அலச வேண்டும், ஏனென்றால் மணலோடு ஒட்டிவரும் மண் தனியாகவே தடைப்பட்டது.

கருவாடு: எந்த மீன் என்று கேட்காமல் வாங்குவது

கருவாடு கொண்டுபோவது பொதுவாகக் குற்றமல்ல. ஐரோப்பிய ஒன்றியம் ஒருவருக்கு மொத்தம் 20 கிலோ வரை மீன் பொருட்களை அனுமதிக்கிறது. அதை வைத்துக்கொண்டு "மீன்தானே" என்று கண்ணை மூடிச் சுறாக் கருவாடு வாங்குவதுதான் இப்போது நடக்கும் பெரிய தவறு. நம் கடலில் பிடிபடும் சுறாக்களில் பெரும்பகுதி சேரும் குடும்பம் முழுவதும் 2022இல் சைட்டீஸ் இரண்டாம் பட்டியலுக்கு வந்து, 2023 நவம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. கொம்பன் சுறா அதற்கு முன்பே பட்டியலில் இருந்தது. துண்டு போட்டுக் காயவைத்த சுறாவில் எது எந்த இனம் என்று வாங்குபவருக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. அலுவலர் சந்தேகப்பட்டால் அனுமதிப்பத்திரம் கேட்பார், அது உங்களிடம் இராது. பால்சுறா வறை வேண்டுமென்றால் இங்கேயே வயிறாரச் சாப்பிட்டுப் போங்கள். பெட்டிக்குக் கட்டா, பாரை, நெத்தலி போதும். சில கடலட்டை இனங்களும் 2020 முதல் அதே பட்டியலில் இருக்கின்றன.

எடுக்கும் கருவாடு முழுதாகக் காய்ந்திருக்க வேண்டும். முதுகுப் பக்கம் காய்ந்து, வயிற்றோரமும் முள்ளோரமும் ஈரமாக இருப்பதுதான் வழமை. பெருவிரலால் முள்ளை ஒட்டி அழுத்துங்கள். பள்ளம் விழுந்து மீளாமல் நின்றால், அல்லது விரலில் எண்ணெய் ஒட்டினால், இன்னும் இரண்டு வெயில் தேவை. அரைகுறைக் கருவாட்டைக் காற்றுப்புகாமல் அடைத்தால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும், ஈ முட்டை இருந்தால் புழுவும் வரும். நன்றாகக் காய்ந்ததைக் காற்று உறிஞ்சிய பொலித்தீனில் அடைத்து, அதன்மேல் இன்னொரு உறை, அதன்மேல் மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டி. மீனின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டிவிடுங்கள். பழைய பேப்பரில் சுற்றிய பொதியைப் பிரித்துப் பார்க்காமல் எந்த அலுவலரும் விடமாட்டார். கைப்பையில் வேண்டாம், பெரிய பெட்டியில்தான்.

ஒல்லாந்தர் காசும் அப்பம்மாவின் விளக்கும்

பிரெட்றிக் கோட்டை பார்க்க வருவோரிடம் ஒல்லாந்தர் காலத்துச் செப்புக் காசு என்று சொல்லி விற்பது சுற்றுலா இடங்களில் நடப்பதுதான். கொஞ்சம் நின்று யோசியுங்கள். இலங்கையின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருளைத் தொல்பொருளாகக் கொள்கிறது. ஆங்கிலேயர் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தது 1795இல். ஆகவே அது உண்மையான ஒல்லாந்தக் கும்பனிக் காசாக இருந்தால் கட்டாயம் தொல்பொருள்; தொல்லியல் திணைக்களத்தின் அனுமதியின்றி நாட்டைவிட்டுப் போகக்கூடாது. அனுமதி தேவைப்படாத காசு என்றால் அது போலி. இரண்டு வழியிலும் வாங்குபவருக்கு நட்டம்தான்.

குடும்பச் சொத்துக்கும் இது பொருந்தும் என்பதை நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள். அப்பம்மாவின் பித்தளைக் குத்துவிளக்கு, ஏட்டுச் சுவடி, பழைய சாதகக் கட்டு, செம்பு விக்கிரகம் எல்லாம் வீட்டிலிருந்து எடுத்ததாலேயே உரிமையோடு கொண்டுபோகலாம் என்றில்லை. 50 ஆண்டுக்கு மேல் பழையது என்று தோன்றும் எதற்கும் திணைக்களத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். பொருளின் படங்கள், அளவு, எங்கிருந்து வந்தது என்ற விவரம் எல்லாம் தேவைப்படும். ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டிய வேலை இது. இங்கிருந்து கட்டுநாயக்கவுக்கு ஆறேழு மணி நேரப் பாதை. நள்ளிரவு விமானத்துக்கு வந்து நின்றுகொண்டு அனுமதி தேட முடியாது. புதிய விளக்கு வாங்கினால் திகதியும் கடைப் பெயரும் உள்ள பற்றுச்சீட்டைக் கைப்பையில் வையுங்கள். பழமையாகத் தெரியட்டும் என்று கறுக்கவைத்த புதுப் பித்தளைக்கு அந்தச் சீட்டு மட்டும்தான் சாட்சி.

கோயிலிலிருந்து கொண்டுபோவது

விபூதிக்குத் தடை இல்லை. ஆனால் பெயரில்லாத வெள்ளைத் தூளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பாதுகாப்புச் சோதனையில் நிற்பது வீண் தொல்லை. அமெரிக்கா போகும் விமானங்களில் 350 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட தூளைக் கைப்பையில் விடுவதற்குத் தனிக் கட்டுப்பாடே உண்டு. உறையில் பெயர் எழுதிப் பெரிய பெட்டியில் போடுங்கள். தீர்த்தமும் அங்கேயே, ஏனென்றால் கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட எந்தத் திரவமும் போகாது. தேன், நல்லெண்ணெய், ஊறுகாய், சம்பல் எல்லாம் இந்தக் கணக்கில் திரவமே.

வில்வ இலை வேறு கதை. வில்வம் எலுமிச்சை, தோடை சேர்ந்த அதே தாவரக் குடும்பம். எலுமிச்சைத் தோட்டங்களை அழிக்கும் நோய்களுக்குப் பயந்து பல நாடுகள் அந்தக் குடும்பத்து இலைகளில் கடுமையாக இருக்கின்றன. கறிவேப்பிலையும் அதே குடும்பம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 டிசம்பர் முதல் அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, டுரியான் என்ற ஐந்தைத் தவிர மற்றப் பழம், இலை, காய், விதைகளுக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். மாம்பழமும், வீட்டுத் தோட்டத்துக்கென்று எடுத்துப்போகும் முருங்கை விதையும் இதற்குள் வரும்.

ஊர் மண்ணை ஒரு சிறு போத்தலில் எடுத்துப் போக விரும்புவோர் இருக்கிறார்கள். அந்த ஆசைக்குக் காரணம் நம் எல்லோருக்கும் தெரியும், அதனால் இதைச் சொல்வது கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் மண்ணில் கண்ணுக்குத் தெரியாத புழுவும் பூஞ்சணமும் இருக்கும் என்பதால் ஐரோப்பாவும் அவுஸ்திரேலியாவும் மண்ணை விடுவதில்லை. பூச்சாடியின் அடியில் ஒட்டியதும், செருப்பில் காய்ந்து கிடப்பதும்கூட மண்தான். புறப்படுமுன் செருப்பைக் கழுவுங்கள்.

சமையலறைப் பொருட்கள்

சட்டித் தயிர், நெய், பால்கோவா, இறைச்சி வத்தல் எதுவும் இலங்கையிலிருந்து பிரித்தானியாவுக்கோ ஐரோப்பிய ஒன்றியத்துக்கோ போகாது. சட்டியின் வாயை எத்தனை சுற்றுச் செலோரேப்பால் கட்டினாலும் பயனில்லை.

அவுஸ்திரேலியாவுக்குப் போவோர் கவனிக்க வேண்டியது அரிசியும் சரக்கும். தானியத்தைத் தாக்கும் கப்ரா வண்டின் புழு, உணவே இல்லாமல் இடுக்குகளில் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். அதனால் அரிசி, கடலை, செத்தல் மிளகாய், முழு மல்லி, சீரகம் ஆகியவற்றைப் பயணிகளின் பெட்டியில் அந்த நாடு 2020இலிருந்து அனுமதிப்பதில்லை. புழுக்கொடியல் எடுப்பவர்கள் பையைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டிப் பாருங்கள். அடியில் மாப்போல் தூள் சேர்ந்திருந்தால் துளைக்கும் பூச்சி உள்ளே இருக்கிறது. பனையோலைப் பெட்டிகளில் அதே தூள் விளிம்புத் தையலுக்குள் ஒளிந்திருக்கும், விரலை வைத்து வழித்துப் பாருங்கள். சுத்தமான ஓலைப் பெட்டி, பனங்கட்டி, பொதி செய்த தேயிலை, கைத்தறிச் சாரம் போன்றவை நிம்மதியாகக் கொண்டுபோகக்கூடியவை, நம் கைவினைஞருக்கும் காசு போய்ச் சேரும்.

வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் கிண்ணியா, மூதூர்ப் பிள்ளைகளுக்கு ஒன்று: கசகசாவை ஐக்கிய அரபு அமீரகமும் சவூதியும் போதைப்பொருளாகப் பார்க்கின்றன. சரக்குத்தூளில் அம்மா ஒரு சிட்டிகை கலந்திருந்தாலும் எடுக்காதீர்கள். வெற்றிலையும் வேண்டாம்.

பெறுமதி எல்லை

வரியில்லாமல் கொண்டுபோகக்கூடிய பொருட்களின் பெறுமதி பிரித்தானியாவுக்கு 390 ஸ்டேர்லிங் பவுண், விமானத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 430 யூரோ, அவுஸ்திரேலியாவில் வயதுவந்தவருக்கு 900 டொலர், 48 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்து திரும்பும் கனேடியருக்கு 800 டொலர். சுவிஸ் 2025 ஜனவரி முதல் 300 பிராங்கிலிருந்து 150 ஆகக் குறைத்துவிட்டது. பழைய கணக்கை வைத்து வாங்குவோர் அங்கேதான் மாட்டுகிறார்கள். இன்றைய விலையில் 8 கிராம் நகையே இந்த எல்லைகளைத் தாண்டும். பிரித்தானியாவில் ஒரே பொருள் எல்லையைத் தாண்டினால் மிச்சத்துக்கு மட்டுமல்ல, முழுப் பெறுமதிக்கும் வரி. கழுத்தில் போட்டுக்கொண்டால் கணக்கில் வராது என்று நினைப்பதும் தவறு. அங்கிருந்து போட்டுவந்த பழைய நகைக்கு, புறப்படுமுன் எடுத்த திகதியுள்ள படமும் மதிப்பீட்டுச் சீட்டும் இருந்தால் திரும்பும்போது வாக்குவாதம் இராது.

அடுத்தவரின் பார்சல்

"சின்னப் பார்சல்தான், மகள் எயர்போட்டுக்கு வந்து வாங்குவாள்" என்று வரும் பொதியைப் பிரிக்காமல் பெட்டிக்குள் வைப்பது எல்லாவற்றிலும் ஆபத்தானது. சட்டத்தின் கண்ணில் அது உங்கள் பொருள். கொடுப்பவருக்கு முன்னாலேயே பிரித்து, ஒவ்வொன்றையும் பார்த்து, திரும்பக் கட்டுங்கள். மாமா, மாமி என்று தயங்க வேண்டாம். "சுங்கத்தில் கேட்பார்கள், நான் சொல்ல வேண்டும்" என்றால் யாரும் கோபிக்கமாட்டார்கள். தைத்த தலையணை, ஒட்டிய தகரப்பேணி, பெயரில்லாத மருந்து வந்தால் வாங்காதீர்கள்.

பிரித்துப் பார்த்தவுடன் பெட்டியில் உள்ளதையெல்லாம் தொலைபேசியில் பட்டியலாக எழுதிவிடுங்கள். விமானத்தில் தரும் அட்டையில் உணவு, தாவரம், விலங்குப் பொருள் இருக்கிறதா என்று கேட்கும் இடத்தில் சந்தேகமிருந்தால் "ஆம்" என்றே குறியுங்கள். சொல்லிவிட்டுக் காட்டிய பொருள் தடைப்பட்டதாக இருந்தால் பெரும்பாலும் அது மட்டும் போகும். சொல்லாமல் மறைத்தது அகப்பட்டால் அபராதம் வரும். அவுஸ்திரேலியாவில் விசாவே இரத்தாகலாம்.