செட்டிநாட்டு வீட்டுக்கு ஹீட் டிடெக்டர்: எங்கே, எத்தனை, எந்த டிகிரி

விறகடுப்பு எரியும் அடுப்படியில் ஸ்மோக் டிடெக்டர் மாட்டினால் தாளிக்கும்போதெல்லாம் ஹூட்டர் அலறும். நாலாம் நாள் யாராவது அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவார்கள். செட்டிநாட்டு வீடுகளில் இப்படி அன்றாடம் புகை வரும் இடங்கள் நிறைய உண்டு: அடுப்படி, கல்யாணச் சமையல் நடக்கும் பின்கட்டு, சாம்பிராணி போடும் சாமி அறை, ஜெனரேட்டர் அறை. புகையைக் கண்டுகொள்ளாமல் சூட்டை மட்டும் கவனிக்கும் ஹீட் டிடெக்டர்தான் இங்கெல்லாம் சரிப்பட்டு வரும்.

படுக்கையறைக்கு மட்டும் அதை மாட்டாதீர்கள். மெத்தை கனன்று புகைய ஆரம்பித்தால், மேல்தளம் சூடேறுவதற்கு வெகு முன்பே நச்சுப்புகை தூங்குகிறவரை மயக்கிவிடும். படுக்கையறை, அதை ஒட்டிய நடை, மாடிப்படி ஆகியவற்றுக்கு ஸ்மோக் டிடெக்டரே வேண்டும். பழைய வீட்டை விடுதியாக்குகிறவர்கள் எல்லா இடத்துக்கும் ஒரே வகையை வாங்கிப் போடுவது உயிரோடு விளையாடுவது.

ஹீட் டிடெக்டரில் இரண்டு வகை பரவலாகக் கிடைக்கும். ஒன்று, குறித்த டிகிரியைத் தொட்டால் மட்டும் அடிப்பது. மற்றது ரேட் ஆஃப் ரைஸ்: நிமிடத்துக்குச் சுமார் 8 டிகிரி வேகத்தில் சூடு ஏறினாலே அடித்துவிடும். எலக்ட்ரானிக் மாடல்களில் இதற்காக இரண்டு தெர்மிஸ்டர்கள், அதாவது சூட்டை உணரும் சிறு பாகங்கள், இருக்கும். ஒன்று காற்றுப் படும்படி வெளியே நிற்கும், இன்னொன்று உறைக்குள் இருக்கும். திடீர்ச் சூட்டில் வெளியே இருப்பது முந்தும். அந்த இடைவெளியை வைத்துத்தான் அது தீயை அறிகிறது. சாமான் அறைக்கும் துணி அறைக்கும் இது நல்லது. அடுப்படிக்கு ஆகாது. இட்லிக் கொப்பரையின் மூடியைத் திறந்ததும் எழும் ஆவியே அதை அடிக்க வைத்துவிடும்.

டிகிரியை ஊகித்து வாங்காதீர்கள். சமையல் மும்முரமாக நடக்கும் நேரத்தில், டிடெக்டர் வரப்போகும் இடத்தில் ஒரு தெர்மாமீட்டரைக் கட்டி ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். நாட்டு ஓட்டுக்குக் கீழே என்றால் சித்திரை வெயிலில், மதியம் 2 மணிக்கு அளக்க வேண்டும். ஐரோப்பிய இஎன் 54-5 தரப்படி ஏ1 வகுப்பு 54 முதல் 65 டிகிரிக்குள் அடிக்கும். மேல்தளச் சூடு 50 டிகிரியைத் தாண்டாத இடத்துக்குத்தான் அது. பி வகுப்பு 69 முதல் 85 டிகிரிக்குள் அடிக்கும். 65 டிகிரி வரை சூடாகும் இடத்துக்குப் பொருந்தும். வகுப்பெழுத்துக்குப் பின்னால் ‘ஆர்’ இருந்தால் அது ரேட் ஆஃப் ரைஸ் வகை. ‘எஸ்’ இருந்தால் எவ்வளவு வேகமாகச் சூடேறினாலும் குறித்த டிகிரிக்குக் கீழே அடிக்காது. விறகடுப்புக்கு ‘எஸ்’ தான்.

அடுத்தது இடம். பிரிட்டனின் பிஎஸ் 5839 விதிப்படி அறையின் எந்த மூலையும் ஹீட் டிடெக்டரிலிருந்து 5.3 மீட்டருக்குள் இருக்க வேண்டும். சமதளமான மேல்தளத்தில் டிடெக்டருக்கு டிடெக்டர் 7.5 மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்ளலாம். சுவரிலிருந்து அரை மீட்டராவது தள்ளியிருக்கட்டும். உணரும் முனை மேல்தளத்திலிருந்து 25 முதல் 150 மி.மீ.க்குள் நிற்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் சூடான காற்று தாமதமாகத்தான் வந்து சேரும்.

தேக்குக் கட்டைகளை நெருக்கமாக அடுக்கி மேலே செங்கல் பாவிய மெட்ராஸ் டெரஸுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. சூடான காற்று இரண்டு கட்டைகளுக்கு நடுவே நீளவாக்கில் சுலபமாக ஓடும், குறுக்கே போகத் தடுமாறும். அமெரிக்காவின் என்எஃப்பிஏ 72 இதற்கு வழி சொல்கிறது: டிடெக்டரைக் கட்டையின் அடிப்பக்கம் மாட்டுங்கள், கட்டைகளுக்குக் குறுக்கான திசையில் இடைவெளியைப் பாதியாக்குங்கள். 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலமுள்ள பந்திக்கூடத்தை எடுத்துக்கொள்வோம். மேல்தளம் சமமாக இருந்தால் 2 டிடெக்டர் போதும். கட்டைகள் அகலவாக்கில் ஓடினால் 4 வேண்டும்: ஒரு சுவரிலிருந்து 1.5, 4.5, 7.5, 10.5 மீட்டரில், அகலத்தின் நடுவில். ஒப்பந்தக்காரர் 2 போதும் என்றால் மேலே கையைக் காட்டிக் கட்டையை எண்ணச் சொல்லுங்கள்.

முற்றத்தைச் சுற்றியுள்ள திறந்த தாழ்வாரத்தில் மாட்டுவது வீண். சூடு வானத்துக்குப் போய்விடும். பழைய தேக்கில் நேராகத் திருகாணி ஏற்றாதீர்கள், விளிம்பருகே வெடிக்கும். திருகாணியைவிட மெல்லிய துளையை முதலில் போட்டு, பிறகு முடுக்குங்கள்.

டிடெக்டர்களின் வயர் வந்து சேரும் கட்டுப்பாட்டுப் பெட்டிதான் பேனல். சாதாரண பேனலில் வயர் ஒரு டிடெக்டரிலிருந்து அடுத்ததற்கு என்று தொடர்ச்சியாகப் போக வேண்டும். வயர் அறுபடவில்லை என்று பேனல் அறிய உதவும் எண்ட் ஆஃப் லைன் ரெசிஸ்டர், கடைசி டிடெக்டரின் பேஸில்தான் (மேல்தளத்தில் பொருத்தும் அடித்தட்டில்) வரும். வயர் மிச்சமாகிறதென்று நடுவில் கிளை பிரித்தால், அந்தக் கிளை அறுந்தாலும் பேனலில் பச்சை விளக்கே எரிந்துகொண்டிருக்கும். வேலை முடிந்ததும் ஒவ்வொரு டிடெக்டரையும் பேஸிலிருந்து திருகிக் கழற்றிப் பாருங்கள். உடனே ஃபால்ட் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் அங்கே கிளை இருக்கிறது. பணம் கொடுப்பதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறையாவது எல்லாவற்றையும் சூடு காட்டிச் சோதிக்க வேண்டும். ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் ஏ1 வகை அடித்துவிடும். பி வகைக்கு ஹீட் கன் தேவைப்படலாம். தீக்குச்சி, மெழுகுவர்த்தி கூடவே கூடாது. உள்ளே உலோகம் உருகி வேலை செய்யும் வகையாக இருந்தால் சூடு காட்டவே கூடாது. ஒருமுறை அடித்தால் அதன் ஆயுள் முடிந்தது. வெள்ளையடிக்கும்போது மூடிய உறையை எடுக்க மறப்பதும், டிடெக்டர் மேலேயே பெயிண்ட் பூசிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. பெயிண்ட் ஏறியதைச் சுரண்டாமல் மாற்றிவிடுங்கள்.

திருவிழாவுக்கும் படைப்புக்கும் மட்டும் திறக்கும் வீடு என்றால் ஹூட்டர் அடித்தாலும் கேட்க ஆள் இருக்காது. பேனலோடு ஜிஎஸ்எம் டயலர், அதாவது சிம் போட்டுத் தானாகவே ஃபோன் செய்யும் கருவி, சேருங்கள். அதன் சிம்மை ரீசார்ஜ் செய்யும் தேதியை எழுதி பேனல் கதவிலேயே ஒட்டுங்கள். டயலரில் முதல் எண், சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பங்காளியுடையதாக இருக்க வேண்டாம். வீட்டுச் சாவியை வைத்திருப்பவருடைய எண் முதலில் வரட்டும். அழைப்பு வந்ததும் 101-க்குச் சொல்லிவிட்டுத்தான் கதவைத் திறக்கப் போக வேண்டும் என்று அவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.