மாடல் விமானப் பாதுகாப்பு விதிகளைப் புரியும்படி திருத்தி எழுதுவது எப்படி?

"கவனமாகப் பறக்கவிடவும்", "பார்வையாளர்களிடமிருந்து போதிய தூரத்தில் நிற்கவும்". இப்படி எழுதினால் படிக்கிறவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். புதிதாக வந்தவருக்குப் போதிய தூரம் என்பது ஐந்தடியா ஐம்பதடியா என்று எப்படித் தெரியும்? உங்கள் குழுவின் விதித்தாளை எடுங்கள், ஒவ்வொன்றாகத் திருத்துவோம்.

முதலில் 'போதிய', 'தகுந்த', 'கவனமாக', 'முடிந்தவரை' என்று வருகிற இடத்தையெல்லாம் பென்சிலால் வட்டமிடுங்கள். அங்கே ஓர் எண்ணோ, கண்ணுக்குத் தெரிகிற அடையாளமோ வர வேண்டும். "அதிக உயரம் வேண்டாம்" என்பது "தரையிலிருந்து 120 மீட்டருக்கு மேல் ஏற்றக் கூடாது" என்று மாறும் (பல நாடுகளில் இதுதான் வரம்பு, உங்கள் நாட்டு விதியைப் பார்த்துவிட்டு எண்ணைப் போடுங்கள்). தூரத்துக்கு எண்ணைவிடத் தரையில் ஒரு கோடு போட்டு "பார்வையாளர்கள் கோட்டுக்குப் பின்னால்" என்று எழுதுவதே மேல்.

அடுத்து, யார் செய்ய வேண்டும், எந்த வரிசையில் என்று பாருங்கள். "பேட்டரியைப் பாதுகாப்பாக இணைக்கவும்" என்ற விதியைத்தான் நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன், ஏனென்றால் மின்மோட்டார் விமானத்தில் பேட்டரியை இணைத்த நொடியிலிருந்து ரிமோட்டில் மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குச்சியான த்ராட்டிலில் சட்டைக்கை பட்டாலே புரொப்பெல்லர் சுழன்று விரலைக் கிழித்துவிடும். அதை இப்படிப் பிரித்து எழுதுங்கள்:

"த்ராட்டிலை முழுக்கக் கீழே இறக்குங்கள். டிரான்ஸ்மிட்டரை (கையிலுள்ள ரிமோட்டை) ஆன் செய்யுங்கள். உடன் இருப்பவர் விமானத்தைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளட்டும். புரொப்பெல்லருக்கு முன்னாலும் பக்கவாட்டிலும் யாரும் இல்லை என்று பாருங்கள். அப்புறம் பேட்டரியை இணையுங்கள். தரையிறங்கியதும் முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள், கடைசியில்தான் டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள்."

கூடவே காரணத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்: விமானத்திலுள்ள ரிசீவருக்கு டிரான்ஸ்மிட்டரின் சிக்னல் வராவிட்டால் மோட்டார் தானாக ஓடக்கூடும். காரணம் தெரிந்தவர் வரிசையை மறக்க மாட்டார்.

சார்ஜ் செய்வதற்கு இரண்டு வரி போதும். உப்பிய லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியைச் சார்ஜில் போடக் கூடாது. சார்ஜ் ஏறும்போது அதை விட்டுவிட்டு நகரக் கூடாது.

சரி, எழுதியாயிற்று. இப்போது புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, புதியவர் ஒருவரிடம் தாளையும் விமானத்தையும் கொடுத்துப் படித்தபடியே செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்கவே கூடாது. அவர் எங்கே தயங்குகிறாரோ அந்த வரியைத் திரும்ப எழுத வேண்டும். நான் எழுதிய ஒரு தாளில் "ஃபெயில்சேஃப் சரிபார்க்கவும்" என்ற வரிக்கு வந்ததும் ஒரு பையன் அப்படியே நின்றுவிட்டான். சிக்னல் அறுந்தால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் ஏற்பாடுதான் ஃபெயில்சேஃப். அந்த வரி இப்போது இப்படி இருக்கிறது: "புரொப்பெல்லரைக் கழற்றுங்கள். மோட்டாரைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். மோட்டார் நிற்க வேண்டும். நிற்காவிட்டால், அதைச் சரிசெய்யும்வரை இந்த விமானத்தைப் பறக்கவிடக் கூடாது."